புதுக் கார் வாசனை

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது. கேட்டவள் என் மனைவியின் தங்கை. போனில் கேட்டாள். நான் வேலை செய்யும் கண்ணாடிக் கடையில் அப்போது எதிரே ஒருவர் அமர்ந்து, கனமான சோதனை ஃபிரேமை மூக்கில் மாட்டிக்கொண்டு, கடைசி வரி எழுத்துகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, அக்கா பாத்த வேலைய எனக்குக் குடுக்கறாங்களாம். போகட்டுமா?"

"அப்புறம் கூப்பிடறேன்" என்றேன். கூப்பிடவில்லை. இதை எழுத ஆரம்பித்தேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மனைவி இறந்துவிட்டாள். இதை நடுவில் ஒளித்து வைத்து உங்களைத் திடுக்கிட வைக்கலாமா என்று ஒரு வரைவில் பார்த்தேன். எனக்கே பிடிக்கவில்லை. மூச்சுத் திணறி இறந்தாள். ஆஸ்துமா என்றார் டாக்டர். சின்ன வயதில் கொஞ்சம் இருந்தது. பிறகு இல்லாமல் போனது. வேலைக்குச் சேர்ந்த பிறகு திரும்பி வந்தது. "வேலைக்குச் சேர்ந்த பிறகு" என்று எழுதியிருக்கிறேன், கவனியுங்கள். "வேலைக்குச் சேர்ந்ததால்" என்று எழுதவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கதை மாட்டிக்கொண்டிருக்கிறது.

2

தொடக்கத்துக்குக் கொஞ்சம் பாடுபட்டேன்.

"அந்தத் தொழிற்சாலையில் இருந்த கருவிகளிலேயே நுட்பமானது அவளுடைய மூக்கு." (பந்தா. அடித்துவிட்டேன்.)

"மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் அவள்" (மழையே இல்லை. துக்கம் என்றால் மழை வந்துவிடுகிறது எனக்கு. வாக்கியத்தை இப்படியே விட்டுவிடுகிறேன்.)

சரி, நேராகவே சொல்கிறேன். அவள் வாசனை பார்ப்பவள். அதுதான் வேலை.

அந்தத் தொழிற்சாலையில் கார்களின் உட்புறத்துக்கான துணி செய்கிறார்கள். சீட் உறை, கூரைத் துணி, தரைவிரிப்பு. மேலே பாலியெஸ்டர், அடியில் ஃபோம், அதற்கும் அடியில் இன்னொரு துணி. மூன்றையும் சூட்டில் ஒட்டுகிறார்கள். கறை பிடிக்காமலிருக்க ஒரு பூச்சு. சட்டென்று தீப்பிடிக்காமலிருக்க ஒரு மருந்து. ரசாயனம் என்று அங்கே யாரும் சொல்வதில்லை, எல்லாமே மருந்துதான். ஒட்டி முடித்த துணியிலிருந்து உள்ளங்கையளவு வெட்டி, மூடி போட்ட கண்ணாடி ஜாடிக்குள் வைத்து, வெயிலில் நிற்கும் காருக்குள் என்ன சூடு இருக்குமோ அந்தச் சூட்டில் ஒரு அடுப்புக்குள் வைப்பார்கள். பிறகு ஜாடி மேசைக்கு வரும். மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர். ஒவ்வொருவரும் மூடியைக் கொஞ்சமாக நகர்த்தி, முகர்ந்து, மூடிவிட்டு, ஒன்றிலிருந்து ஆறுக்குள் ஒரு மதிப்பெண் போட வேண்டும். ஒன்று என்றால் வாசனையே தெரியவில்லை. மூன்று என்றால் தெரிகிறது, தொந்தரவில்லை. ஆறு என்றால் எழுந்து ஓடத் தோன்றுகிறது. பேசக்கூடாது. முகம் சுளிக்கக்கூடாது. பக்கத்து மூக்கு கெட்டுவிடும்.

மூக்குக்காரர்களுக்கு வீட்டிலும் சட்டம் உண்டு. வாசனை சோப்பு கூடாது. பூ கூடாது. காலையில் காபி கூடாது. துணி ஊறவைக்கும் பவுடர்கூட மணமில்லாததுதான். நான் கல்யாணத்துக்குப் பிறகு முகத்துக்கு எதுவும் தடவியதில்லை. என் நண்பன் ஒருவன் வீட்டுக்கு வந்துவிட்டு, "ஆஸ்பத்திரியில கூட ஏதாவது வாசன இருக்குமேடா" என்றான்.

அவளுக்கு எதைப் பார்த்தாலும் மதிப்பெண் போடும் பழக்கம் வந்துவிட்டது. பால் இரண்டு. லிஃப்ட் ஐந்து. என் சட்டை, நாளைப் பொறுத்து.

"நம்ம கல்யாணம்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

யோசித்தாள். உண்மையிலேயே யோசித்தாள். "மூணு. இருக்கறது தெரியுது. தொந்தரவில்ல."

(இந்த இடத்தில் வாசகர் சிரிக்கலாம். நாங்களும் சிரித்தோம்.)

3

இப்போது தங்கை. சின்னவள் என்று சொல்கிறேன், வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு இந்தப் பாத்திரத்தின் மேல் சந்தேகம் இருக்கிறது. நான் எழுதும் வேகத்தைவிட அவள் பேசும் வேகம் அதிகம். எழுதும்போதெல்லாம் அவளைக் கொஞ்சம் மெதுவாக்கிவிடுகிறேன், கொஞ்சம் சோகமாக்கிவிடுகிறேன். நிஜத்தில் அவள் அப்படியில்லை. மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்றபடி வேலை. கால் வலிக்கிறது என்பதைத் தவிர அவளுக்கு உலகத்தின் மேல் பெரிய குறையில்லை.

போனில் கேட்டதற்கு அடுத்த நாள் அத்தை வீட்டில் இதே பேச்சு. அத்தை சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"போ. நல்லாப் போ. பெரியவ போனது பத்தல."

"அம்மா, சும்மா கிட."

"மோந்து பாத்தே போயிட்டா என் பொண்ணு. மாப்பிள்ளை, நீங்களாவது சொல்லுங்க."

"டாக்டர் அப்படிச் சொல்லல அத்தை."

"டாக்டர் ஆயிரம் சொல்லுவாரு. பெத்தவளுக்குத் தெரியாதா?"

"உனக்குத் தெரியாதது எதும்மா?" என்றாள் சின்னவள். "கரண்ட் போனாலும் என் போன்தான் காரணம்னு சொல்லுவ."

அத்தை உள்ளே போய்விட்டார். பாத்திரம் ஒன்று சற்றுப் பலமாக வைக்கப்பட்டது.

சின்னவள் என் பக்கம் திரும்பினாள். "ஏசி ரூம். உக்காந்து பாக்கற வேல. மூணுக்கு மேல வந்தா துணியையே திருப்பி அனுப்பிடறாங்களாம். அப்ப அங்க வர்றதெல்லாம் நல்ல துணிதானே? மேடம் சொன்னாங்க."

மேடம் என்பவர் அந்த வாசனை அறையின் பொறுப்பாளர். மனைவி இறந்தபோது வந்திருந்தார். நெடுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கெட்டவர் இல்லை. இந்தக் கதையில் கெட்டவர் யாரும் கிடைக்கவில்லை என்பது எழுதுகிறவனுக்குப் பெரிய சிரமம்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லணும் மாமா. யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்கிறேன் என்றேன். அத்தைக்கு எல்லாம் தெரியும். சின்னவளுக்கு எதுவும் தெரியாது. நான் நடுவில். என் தொழிலே அதுதான்: ஒரு லென்சைப் போட்டு, எடுத்து, வேறொன்றைப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பது. பதில் அவர்கள் சொல்ல வேண்டும். நான் சொல்லக்கூடாது.

4

(இந்தப் பகுதி கட்டுரை போல இருக்கிறது. வெட்டலாமா என்று பார்த்தேன். வெட்டினால் கதைக்கு மூச்சு நின்றுவிடும் போலிருந்தது.)

புதுக் காருக்குள் உட்கார்ந்ததும் எல்லோரும் ஒருமுறை ஆழமாக மூச்சை இழுக்கிறார்கள். "ஆஹா, புது வாசனை" என்கிறார்கள். நானும் சொன்னேன். எங்கள் காரை எடுத்த அன்று.

"புதுசுக்குன்னு ஒரு வாசன கிடையாதுப்பா" என்றாள் அவள். "துணி, ஃபோம், பசை, பிளாஸ்டிக்கு, எல்லாத்துலேருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக் காத்துல கெளம்புது. அதத்தான் நீ ஆஹாங்கற."

பிறகு ஒரு நாள் வெள்ளைத் துணி எடுத்து முன்கண்ணாடியின் உள்பக்கத்தைத் துடைத்துக் காட்டினாள். லேசான பிசுக்கு. வெளியிலிருந்து வந்த தூசு என்று நினைத்திருந்தேன். வெயிலில் உள்ளே சூடேறும்போது துணியிலிருந்தும் பிளாஸ்டிக்கிலிருந்தும் ஆவியாகக் கிளம்புவது கண்ணாடியில் போய்ப் படிகிறது என்றாள். கண்ணாடியில் படிகிறது என்றால் வேறு எங்கேயும் படியாதா என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கண்ணாடி துடைத்தால் போய்விட்டது.

அவள் இறந்த பிறகு நான் கொஞ்சம் படித்தேன். துக்கத்துக்குப் படிப்பு ஒரு நல்ல மாற்று. கண்ணீர் வராதவர்களுக்குப் பரிந்துரைக்கிறேன். தீப்பிடிக்காமலிருக்கப் போடும் மருந்துகளில் சில, ஃபோமிலேயே தங்காமல் தூசோடு சேர்ந்துகொள்கின்றன. ஃபோமையும் துணியையும் தீயில் காட்டி ஒட்டும் இடங்களில் வரும் புகை, சிலருக்கு இழுப்பைக் கொண்டுவருகிறது. ஒருமுறை வந்துவிட்டால் அப்புறம் துளி பட்டாலும் போதும். தேய்ந்த சீட்டிலிருந்து பாலியெஸ்டர் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உதிர்கின்றன. எங்கள் தெருமுனையில் கார் கழுவுபவரிடம் கேட்டேன், வேக்குவம் போட்டு எடுத்த பஞ்சை என்ன செய்வீர்கள் என்று. "இதுல என்ன சார் இருக்கு" என்று சொல்லி டப்பாவைத் தட்டினார். சாம்பல் நிறப் பஞ்சு சாக்கடைத் தண்ணீரில் மிதந்து போனது. அது எங்கேயாவது போய்ச் சேரும்.

ஆனால் நான் படித்த எதிலும் அவள் பெயர் இல்லை. "சிலருக்கு", "அதிகரிக்கக்கூடும்", "மேலும் ஆராய வேண்டும்". அந்தச் "சிலருக்கு" என்பதற்குள் அவள் இருந்தாளா? டாக்டரிடம் நேராகவே கேட்டேன்.

"இருக்கலாம்" என்றார். "இல்லாமலும் இருக்கலாம். அவங்களுக்கு ஏற்கனவே இருந்திருக்கு. வீட்டுத் தூசு, வைரஸ் காய்ச்சல், எது வேணா கிளப்பி விட்டிருக்கலாம். உறுதியா இதுதான்னு கையெழுத்துப் போடச் சொன்னா என்னால முடியாது தம்பி."

நேர்மையான மனிதர். எனக்கு உதவாத நேர்மை.

5

ஒன்றைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். முதலிலேயே சொல்லியிருந்தால் நீங்கள் அதையே காரணம் என்று எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் படித்திருக்க மாட்டீர்கள். இப்போது சொல்லலாம்.

இரண்டு சுற்றுகளுக்கு நடுவில் மூக்குகள் ஓய்வெடுக்க வேண்டும். வாசனை இல்லாத இடத்தில் உட்காரச் சொல்வார்கள். மற்றவர்கள் தாழ்வாரத்தில் உட்கார்ந்தார்கள். தாழ்வாரத்தில் சரக்கு லாரிகளின் புகை வருகிறது என்று இவளுக்குக் குறை. அதனால் எங்கள் காரில் போய் உட்காருவாள். வண்டி நிறுத்துமிடத்தில், வெயிலில், கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிட்டு. சாப்பிட்ட பிறகு சீட்டைச் சாய்த்துச் சின்னத் தூக்கமும் போடுவாள்.

அந்தக் காரின் சீட் துணி அவர்கள் தொழிற்சாலையில் செய்தது. அதற்கு மேசையில் மதிப்பெண் போட்டவர்களில் அவளும் ஒருத்தி. அதற்கு முந்தைய துணி நான்கு மதிப்பெண் வாங்கித் திரும்பிப் போயிருந்தது. எதையோ மாற்றிப் புதிதாகச் செய்து அனுப்பினார்கள். எதை மாற்றினார்கள் என்று மூக்குகளிடம் சொல்வதில்லை. சொன்னால் மூக்கு ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். அவள் முகர்ந்தாள். ஒன்று போட்டாள்.

ஒரு மதியம் வீட்டுச் சாவியை வாங்க அங்கே போனேன். தூங்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடியைத் தட்டினேன். கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து சூடு என் முகத்தில் அடித்தது.

"இந்த அனல்ல எப்படித் தூங்கற?"

"ஏதாவது நாறுதா?"

மூச்சை இழுத்துப் பார்த்தேன். "இல்ல."

"பாத்தியா. நானே ஒண்ணு போட்ட துணி. இந்த ஏரியாவுலேயே சுத்தமான காத்து இதுக்குள்ளதான் இருக்கு."

இப்படி ஒரு தப்பு மூக்குக்காரர்களால்தான் செய்ய முடியும். வேறு யாராக இருந்தாலும் வியர்க்கிறது என்று கண்ணாடியை இறக்கியிருப்பார்கள். அவள் தன் மூக்கை நம்பினாள். சம்பளம் கொடுத்துப் பாராட்டிய மூக்கு. ஆனால் அந்த ஒன்று என்ற எண் துணியைப் பற்றிச் சொல்வதெல்லாம் இவ்வளவுதான்: முகர்ந்த மூக்குக்கு அதில் வாசனை தெரியவில்லை. அதில் இருந்த கெடுதலை எடுத்தார்களா, கெடுதலின் வாசனையை மட்டும் எடுத்தார்களா என்று எந்த மூக்கும் சொல்ல முடியாது.

அதனால் இறந்தாளா? தெரியாது. திரும்பவும் சொல்கிறேன், தெரியாது.

6

முடிவுகள்.

அ. சின்னவள் வேலைக்குப் போகிறாள். மெல்ல மெல்ல அவளுக்கும் இருமல் வருகிறது. ஒரு நாள் ஜாடியை மூடிவிட்டு எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்கிறாள். மேடம் தலைகுனிகிறார். (இதை எழுத அவளுக்கு நான் நோய் கொடுக்க வேண்டியிருந்தது. கதைக்காகத்தான் என்றாலும் கை வரவில்லை.)

ஆ. நானும் அவளும் காரின் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு துண்டு வெட்டி, வீட்டு ஜாடியில் போட்டு, சூடாக்கி, மூடியைத் திறக்கிறோம். துணியின் வாசனை வரவில்லை. மனைவியின் வாசனை வருகிறது. நான் அழுகிறேன். (இதுதான் அழகாக இருந்தது. இரண்டு பக்கம் வந்தது. பொய். மூக்குக்காரிக்கு வாசனை கிடையாது, அதற்காகத்தான் சம்பளம்.)

இ. சின்னவள் வேலைக்குப் போகவில்லை. மருந்துக் கடையிலேயே நிற்கிறாள். மாமா பேச்சைக் கேட்டதற்காக அவள் என்னை நன்றியோடு பார்த்து

7

அங்கே நின்றதற்குக் காரணம், ஞாயிறு மதியம் அவளே வந்துவிட்டாள். நான் கூப்பிடுவேன் என்று காத்திருந்து அலுத்துப்போய் வந்திருந்தாள். தாள்கள் சாப்பாட்டு மேசையில் கிடந்தன. நான் தண்ணீர் எடுத்து வருவதற்குள் பாதி படித்திருந்தாள். முதலில் நின்றபடி. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு.

"எங்கம்மாவ நான் 'சும்மா கிட'ன்னு சொன்னேனா?"

"சொன்ன."

"சொன்னேன்னே வச்சுக்கலாம். எழுதணுமா?"

"வேணும்னா எடுத்துடறேன்."

"இருக்கட்டும். அம்மா கதையெல்லாம் படிக்க மாட்டா."

பக்கம் திருப்பினாள். ஓரிடத்தில் அவள் கண் நீண்ட நேரம் நின்றது. எந்த இடம் என்று எனக்குத் தெரிந்தது.

"கார்ல தூங்கினது. எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அதுதான் காரணம்னு நீ முடிவு பண்ணிடுவ."

"நீங்க பண்ணலையா?"

நான் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் அதைத் தொடவில்லை. கடைசிப் பக்கம்வரை படித்து, தாள்களை மேசையில் தட்டி ஒழுங்காக்கி வைத்தாள்.

"மூணு முடிவு போட்டிருக்கீங்க. எனக்கு இருமல் குடுத்தீங்க, அழற ஆளுக்குப் பக்கத்துல நிக்க வச்சீங்க, நன்றியோட பாக்க வச்சீங்க. நான் எதுக்கு அந்த வேலைக்குப் போகணும்னு சொல்றேன்னு ஒரு வரி கேட்டீங்களா மாமா?"

"உக்காந்து பாக்கற வேலன்னு சொன்ன."

"அது அம்மாவுக்குச் சொன்னது." டம்ளரை எடுத்து, குடிக்காமல் திரும்ப வைத்தாள். "வீட்ல அக்காவப் பத்தி யாரும் பேசறதில்ல. அம்மா ஆரம்பிச்சாலே அழுதுடறா. நீங்க கண்ணாடி விக்கப் போயிடறீங்க. அங்க போனா அவகூட தினமும் உக்காந்தவங்க நாலஞ்சு பேர் இருக்காங்க. அவ என்ன சொல்லுவா, எதுக்குச் சிரிப்பா, ஏதாவது சொல்லுவாங்கல்ல. அதுக்குத்தான்."

இந்தப் பாத்திரத்தை நான் தப்பாக எழுதியிருந்தேன். திருத்தவில்லை. மேலே அப்படியே இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

"இப்ப சொல்லுங்க" என்றாள். "போகட்டுமா, வேண்டாமா?"

"உறுதியா எதையும் நிரூபிக்க"

"நிரூபணம் கேக்கல மாமா. உங்களத்தான் கேட்டேன்."

இது தெளிவா, அது தெளிவா என்று கேட்டுப் பழகியவனை யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

"போகாத" என்றேன். "காரணம் காட்டத் தெரியல. போகாத. அவளப் பத்தி நான் பேசறேன். கேளு, பேசறேன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது என்று எழுத ஆசை. எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

"சரி. கேட்டுக்கிட்டேன்." எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். கதவருகே போய்த் திரும்பினாள். "ஒண்ணு கேக்கணும். நான் போகலேன்னா அந்த நாற்காலி காலியாவா இருக்கும்?"

அவள் குடிக்காத டம்ளரை நான் எடுத்தேன்.

"இப்ப அங்க உக்காந்திருக்கறவங்ககிட்ட இதெல்லாம் யார் சொன்னா? மேடத்துக்கே தெரியுமோ என்னமோ. கார்ல தூங்கினத நீங்க எனக்கே சொல்லல."

கையில் போனை எடுத்துக்கொண்டாள். மேடத்தைக் கூப்பிடத்தான். கதவைச் சாத்தாமல் போனாள். படியில் இறங்கும் சத்தம் கேட்டது. பேச்சுச் சத்தமும் கேட்டது. அவள் பேசியது மேலே எனக்குக் கேட்கும் தூரம்தான்.

எழுதப் போவதில்லை. மாட்டேன் என்று சொல்லிவிட்டாளா, வருகிறேன் என்றாளா, இல்லை முதலில் ஜாடிக்குள் என்ன இருக்கிறது சொல்லுங்கள் என்று ஆரம்பித்தாளா, மூன்றையும் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றுதான் நடந்தது. எது என்று சொன்னால் நீங்கள் புத்தகத்தை மூடிவிடுவீர்கள், அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் அப்படியே இருப்பார்கள். அவளுடைய கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாததால் உங்களிடம் விடுகிறேன். நாற்காலி இருக்கிறது. காலையில் யாராவது ஒருவர் உட்கார வேண்டும்.

நீங்கள் எழுதுவதாக இருந்தால் ஒரே ஒரு தகவல், தப்பாக எழுதிவிடக் கூடாது என்பதற்காக. அந்த அறைக்குச் சன்னல் கிடையாது. வெளிக்காற்று வந்தால் மதிப்பெண் மாறிவிடுமாம்.